அச்சுப்பொறி அறிந்த மொழி

நுழையும் முன்

கணினியையும் அச்சுப்பொறியையும் கம்பியால் இணைத்துவிட்டால் தாளில் எழுத்து வந்துவிடும் என்பது பலரது எண்ணம். இரண்டும் ஒரே மொழியை அறிந்திருந்தால்தான் எழுத்து வரும். கட்டற்ற இயங்குதளம் உள்ள கணினிக்கு ஏற்ற அச்சுப்பொறியைத் தெரிவு செய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பெரிய எழுத்தில் ஒரு கதை

நாகபுரியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மகள் எட்டாம் வகுப்பு மாணவி. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் மராத்தியும் அவள் காதில் விழுகின்றன. தமிழ் அவளுக்கு வீட்டுமொழி; பள்ளியில் விருப்பப் பாடம். ஊரிலிருந்து வந்து உடன் வாழும் பாட்டிக்கோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். முதுமையால் பார்வை மங்கிவிட்டதால் திறன்பேசியின் சிற்றெழுத்துகள் அவருக்குப் புலப்படுவதில்லை.

அவ்வூரில் தமிழ் நூல்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் இணையத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் இலக்கியங்கள் முதலான நூல்களை மின்னூல்களாக விலையின்றி வழங்கி வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒரு கதையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து படிக்கலாம். பேத்தி தடுமாறும் சொல்லைப் பாட்டி சொல்லித் தரலாம். பாட்டி தவறவிடும் வரியைப் பேத்தி விரலால் சுட்டிக் காட்டலாம். அதற்கு ஓர் அச்சுப்பொறி வேண்டும்.

வீட்டுக் கணினி பழையது. அதிலிருந்த இயங்குதளத்திற்கு நிறுவனத்தின் ஆதரவு முடிந்துவிட்டது. புதிய பதிப்பை ஏற்கும் ஆற்றலும் அக்கணினிக்கு இல்லை. எனவே தாய் அதில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவை நிறுவினார். கணினி மீண்டும் சுறுசுறுப்பாக இயங்கியது. ஒருநாள் தந்தை, தள்ளுபடி விலையில் ஓர் அச்சுப்பொறியை வாங்கி வந்தார். இணைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் பொருத்தமான இயக்கி இல்லை என்று கணினி அறிவித்தது. பெட்டியில் இருந்த குறுவட்டு வேறு இயங்குதளங்களுக்கு உரியது. பெட்டியைப் பிரித்த பின் பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று கடைக்காரர் கூறிவிட்டார்.

“இயந்திரம் கெட்டுவிட்டதா, கண்ணு?” என்று பாட்டி கேட்டார்.

“கெடவில்லை, பாட்டி. நம் கணினி சொல்வது அதற்குப் புரியவில்லை” என்றாள் பேத்தி.

“அப்படியானால் அதுவும் என்னைப் போலத்தான். காய்கறிக்காரர் மராத்தியில் விலை சொன்னால் நானும் இப்படித்தானே நிற்கிறேன்!” என்றார் பாட்டி.

பாட்டி வேடிக்கையாகச் சொன்னதே இச்சிக்கலின் சரியான விளக்கமாகும்.

இயக்கி என்னும் துபாஷி

இருவேறு மொழி பேசுவோர் இடையே நின்று, ஒருவர் கூற்றை மற்றவருக்கு எடுத்துரைப்பவரை முற்காலத்தில் துபாஷி என்று அழைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே அத்தகைய பணியைச் செய்யும் மென்பொருளே இயக்கி ஆகும்.

கணினி ஒரு பக்கத்தை எழுத்து, கோடு, படம் என்று விவரிக்கிறது. அச்சுப்பொறியோ, தாளின் எந்தப் புள்ளியில் மை படிய வேண்டும் என்பதை அறிய விரும்புகிறது. முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது இயக்கியின் கடமை. ஓர் இயங்குதளத்திற்கென எழுதப்பட்ட இயக்கி மற்றோர் இயங்குதளத்தில் பொதுவாக இயங்காது. தயாரிப்பாளர் லினக்ஸுக்கு இயக்கி எழுதவில்லை. தம் பொறியின் மொழியையும் வெளியிடவில்லை. அந்நிலையில் துபாஷியும் இல்லை. மொழியைக் கற்கும் வழியும் இல்லை.

சிக்கிய தாளும் விரிந்த இயக்கமும்

கட்டற்ற மென்பொருளுக்கும் அச்சுப்பொறிக்கும் உள்ள உறவு பழமையானது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலாளராகப் பணியாற்றினார். ஆய்வகத்தின் அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அச்சாகியிருக்கும் என நம்பிச் சென்றோர், பொறி நின்றுபோயிருப்பதைக் கண்டு ஏமாற்றம் அடைவர். பழைய அச்சுப்பொறியின் மென்பொருளுக்குரிய மூல நிரல் ஸ்டால்மனிடம் இருந்தது. எனவே தாள் சிக்கியதும், அச்சுக்காகக் காத்திருப்போரின் கணினிக்குச் செய்தி செல்லுமாறு அவர் அதனை மாற்றியமைத்தார். எவரேனும் ஒருவர் சென்று தாளை எடுத்துவிடுவார், பணி தொடரும்.

பின்னர், செராக்ஸ் நிறுவனம் வழங்கிய புதிய லேசர் அச்சுப்பொறி ஆய்வகத்திற்கு வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூல நிரல் வழங்கப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒருவரிடம் அந்நிரல் இருப்பதை அறிந்த ஸ்டால்மன், நேரில் சென்று ஒரு படி கேட்டார். எவருக்கும் தருவதில்லை என உறுதியளித்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்தார். சரிசெய்யும் அறிவு இருந்தது; விருப்பமும் இருந்தது; உரிமை மட்டும் இல்லை.

இந்நிகழ்ச்சி ஸ்டால்மனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை இயக்கவும், ஆராயவும், மாற்றவும், பிறருடன் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அதன் கொள்கை. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை உருவாக்கினார். இவ்விரண்டும் இணைந்தே இன்றைய கட்டற்ற இயங்குதளங்களின் அடித்தளமாக விளங்குகின்றன. சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும், கேரளப் பள்ளிகளில் பயன்படும் இயங்குதளமும் இவ்வழியில் வந்தவையே.

மறைமொழியும் பொதுமொழியும்

அச்சுப்பொறிகளை அவை அறிந்த மொழியைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையின மறைமொழி மட்டுமே அறிந்தவை. விலையைக் குறைப்பதற்காக இவற்றில் கணிப்புத் திறன் மிகக் குறைவாகவே அமைக்கப்படுகிறது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் கணினியே செய்து, தயாரிப்பாளர் மட்டும் அறிந்த வடிவில் அனுப்ப வேண்டும். உரிய இயக்கி இல்லையெனில் இவை பயன்படா.

இரண்டாம் வகையின பொதுமொழி அறிந்தவை. அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட், எச்பி நிறுவனத்தின் பிசிஎல், பிடிஎஃப் ஆகியவை பல இயங்குதளங்களும் அறிந்த பக்க விவரிப்பு மொழிகள். இவற்றுள் ஒன்றை அறிந்த அச்சுப்பொறி லினக்ஸில் பெரும்பாலும் தடையின்றி இயங்கும்.

லினக்ஸில் அச்சுப் பணியை மேற்பார்வையிடும் மென்பொருளின் பெயர் கப்ஸ். மைக்கேல் சுவீட் உருவாக்கிய இது 1999இல் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனமும் 2002ஆம் ஆண்டு முதல் தன் கணினிகளில் இதனையே பயன்படுத்தியது.

திறன்பேசிகளின் வருகை நிலைமையை மேலும் மாற்றியது. ஒவ்வொரு பேசிக்கும் ஒவ்வோர் இயக்கி எழுதுவது இயலாத செயல். எனவே இயக்கி தேவைப்படாத முறை ஒன்று வேண்டியதாயிற்று. இணைய அச்சு நெறிமுறை எனப்படும் ஐபிபி அதற்கு அடிப்படையாக அமைந்தது. 2010இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்தது. 2013இல் ஐபிபி எவ்ரிவேர் என்னும் பொதுத்தரம் வெளியிடப்பட்டது. இவற்றை ஏற்கும் அச்சுப்பொறி, தான் எந்தத் தாளை ஏற்கும், வண்ணம் உண்டா, இருபுறமும் அச்சிடுமா என்பவற்றைத் தானே கணினிக்குத் தெரிவிக்கும். கணினியும் பொதுவடிவில் பக்கத்தை அனுப்பும். இருவரும் ஒரு மொழி பேசும் இடத்தில் துபாஷிக்கு வேலை இல்லை அன்றோ?

வாங்கும் முன் ஆராய வேண்டியவை

1. பொதுத்தரம்: விவரக் குறிப்பில் ஐபிபி எவ்ரிவேர், ஏர்பிரிண்ட், மோப்ரியா ஆகியவற்றுள் ஒன்றேனும் குறிக்கப்பட்டுள்ளதா எனக் காண வேண்டும். பெட்டியில் லினக்ஸ் என்னும் சொல் இல்லாவிடினும், இக்குறிப்பு இருப்பின் அப்பொறி லினக்ஸில் இயங்கும் வாய்ப்பு மிகுதி.

2. முழு மாதிரி எண்: ஒரே பெயர்வரிசையில் ஓர் எழுத்தால் மட்டும் வேறுபடும் பல மாதிரிகள் உண்டு. ஒன்றில் வைஃபை இருக்கும், மற்றொன்றில் இராது. ஒன்று பொதுமொழி அறிந்திருக்கும், மற்றொன்று அறியாது. எனவே பெயரை மட்டும் நம்பாமல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் லினக்ஸ் பட்டியலிலும் ஓப்பன்பிரிண்டிங் அமைப்பின் பட்டியலிலும் ஒப்பிட வேண்டும்.

3. இயக்கியின் இயல்பு: இயக்கி தேவைப்படுமாயின், அது திறந்த மூல நிரல் உடையதா என்று பார்க்க வேண்டும். எச்பி நிறுவனத்தின் எச்பிலிப் திறந்த மூல இயக்கியாகும். எனினும் சில மாதிரிகளுக்கு மூடிய துணைநிரல் ஒன்றும் தேவைப்படும். மூடிய இயக்கிகள் பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளுக்கே வெளியிடப்படுகின்றன. ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் செயலிக் கணினிகளில் அவை இயங்கா.

4. இணைப்பு முறை: வீட்டுப் பிணையத்தில் இணையும் அச்சுப்பொறியைக் கணினி தானே கண்டறியும், திறன்பேசியிலிருந்தும் அச்சிடலாம். பல பொறிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். யுஎஸ்பி மட்டும் உடைய மலிவான பொறியாயின், மொழியை மிகுந்த கவனத்துடன் ஆராய வேண்டும்.

5. வருடி: அச்சிடுதல் வேறு, வருடுதல் வேறு. பல்பணிப் பொறியில் அச்சு இயங்கி வருடி இயங்காமல் போவதும் உண்டு. வருடி லினக்ஸில் இயங்குமா என்று தனியே விசாரிக்க வேண்டும்.

6. பக்கச் செலவு: பொறியின் விலை ஒருமுறை செலவு, மையின் விலை தொடர் செலவு. 600 ரூபாய் மைக்குப்பி 400 பக்கம் தருமாயின் ஒரு பக்கத்தின் மைச்செலவு 1.50 ரூபாய். மைத்தெளிப்புப் பொறியை நெடுநாள் பயன்படுத்தாவிடில் துளைகளில் மை உலர்ந்து அடைபடக்கூடும். லேசர் பொறியின் டோனர் உலர்தூள் ஆதலால் அவ்விடர் இல்லை.

7. நேர்ச்சோதனை: இயலுமாயின் லினக்ஸ் உள்ள மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துச் சென்று, காட்சிப் பொறியில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்ப்பது நன்று. லினக்ஸை விரலியிலிருந்தே இயக்கலாம் ஆதலால், பிறரது மடிக்கணினியில் எதையும் அழிக்காமலே இச்சோதனையைச் செய்யலாம்.

தமிழ் எழுத்தும் அச்சும்

இந்திய எழுத்து வடிவில் இந்தியாவில் அச்சான முதல் நூல் தமிழ் நூலே. அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. 1578ஆம் ஆண்டு இன்றைய கேரளத்தின் கொல்லத்தில் அது அச்சிடப்பட்டது. அன்று தமிழுக்கென உலோக எழுத்துகளை வார்க்க வேண்டியிருந்தது. இன்றைய அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணினியே எழுத்துருவைக் கொண்டு பக்கத்தை வரைந்து அனுப்புகிறது. 1991இல் வெளியான யூனிக்கோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டது.

எனினும் சில வேளைகளில் தமிழ் எழுத்து கட்டமாகவோ, கொம்பு தனியே பிரிந்தோ அச்சாகலாம். ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்தின் முன்னும் பின்னும் குறிகள் வருவதால், எழுத்துக்கோப்பு சரியாக அமையாவிடில் அவை சிதறும். இது பெரும்பாலும் அச்சுப்பொறியின் குற்றமன்று. எழுத்துருவைச் சார்ந்த குறையாகும். ஆவணத்தை முதலில் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக மாற்றிக்கொண்டால், திரையில் தெரிவது போலவே தாளிலும் வரும். லோகித் தமிழ், நோட்டோ தமிழ் ஆகியவை லினக்ஸில் கிடைக்கும் கட்டற்ற எழுத்துருக்கள். புதிய பொறியைச் சோதிக்கும்போது கொ, கௌ, ஞூ, ணை, ஸ்ரீ ஆகிய எழுத்துகளை அச்சிட்டுப் பார்ப்பது பயனுடையது.

மீண்டும் நாகபுரி

மூன்று திங்கள் கழிந்தன. தந்தை இரண்டாம் முறை கடைக்குச் சென்றபோது மகளும் உடன் சென்றாள். அவள் கையில் ஏழு கேள்விகள் எழுதிய தாள் இருந்தது. முதலிரு பொறிகள் முதற்கேள்வியிலேயே நின்றுவிட்டன. மூன்றாவது பொறி சற்று விலை மிகுந்தது. ஆனால் ஏர்பிரிண்ட் குறிப்பும், இருபுறமும் அச்சிடும் வசதியும் அதில் இருந்தன. கடைக்காரர் இசைந்ததால் தாயின் மடிக்கணினியிலிருந்து ஒரு பக்கம் அச்சிட்டும் பார்த்தனர்.

வீட்டில் அதனைப் பிணையத்தில் இணைத்ததும் அதன் பெயர் கணினித் திரையில் தானே தோன்றியது. எந்த இயக்கியையும் எவரும் நிறுவவில்லை. பழைய பொறி, அதன் மொழியறிந்த கணினி உள்ள அண்டை வீட்டிற்குச் சென்றது. அங்கே அது குறையின்றி இயங்குகிறது.

அன்று மாலை இருபது புள்ளி அளவு எழுத்தில் ஒரு கதை அச்சாயிற்று. பாட்டி முதற்பக்கத்தைக் கையில் வாங்கிச் சாளரத்தருகே பிடித்துப் பார்த்தார். பின் பேத்தியிடமே நீட்டி, “நீ முதலில் படி, கண்ணு. நான் கேட்டுக்கொண்டே வருகிறேன்” என்றார். பேத்தி நான்காம் வரியில் தடுமாறினாள். பாட்டி அச்சொல்லைச் சொல்லித் தந்தார்.

அருஞ்சொற்பொருள்

- இயங்குதளம் – கணினியின் எல்லாப் பணிகளையும் ஒருங்கே நடத்தும் அடிப்படை மென்பொருள்
- கட்டற்ற மென்பொருள் – இயக்க, ஆராய, மாற்ற, பகிர உரிமை அளிக்கும் மென்பொருள்
- மூல நிரல் – மென்பொருள் எழுதப்பட்ட, மனிதர் படித்தறியக்கூடிய வடிவம்
- இயக்கி – கருவியையும் கணினியையும் இணைக்கும் மென்பொருள்
- கருநிரல் – இயங்குதளத்தின் மையப் பகுதி
- வருடி – தாளில் உள்ளதைப் படமாக மாற்றும் கருவி
- விரலி – விரலளவு உள்ள சேமிப்புக் கருவி
- துபாஷி – இருமொழி அறிந்து இடைநின்று உரைப்பவர்
- திங்கள் – மாதம்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தெரிவு செய்க.

1. குனு திட்டம் அறிவிக்கப்பட்ட ஆண்டு: (அ) 1978 (ஆ) 1983 (இ) 1991 (ஈ) 1999
2. லினக்ஸில் அச்சுப் பணியை மேற்பார்வையிடும் மென்பொருள்: (அ) கப்ஸ் (ஆ) லோகித் (இ) மோப்ரியா (ஈ) யூனிக்கோடு
3. ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான ஊர்: (அ) புதுச்சேரி (ஆ) மதுரை (இ) கொல்லம் (ஈ) நாகபுரி

ஆ. பிரித்து எழுதுக.

மின்னூல், கட்டற்ற, சிற்றெழுத்து, அவ்வூர்

இ. சேர்த்து எழுதுக.

அச்சு + பொறி, கணினி + திரை, தாள் + இல்லை, முதல் + பதிப்பு

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. இயக்கியைத் துபாஷியோடு ஒப்பிடக் காரணம் யாது?
2. பழைய அச்சுப்பொறியின் மென்பொருளில் ஸ்டால்மன் செய்த மாற்றம் யாது?
3. மாதிரி எண்ணை முழுமையாகக் குறித்துக்கொள்ள வேண்டியது ஏன்?
4. 750 ரூபாய் மைக்குப்பி 500 பக்கம் தருமாயின், ஒரு பக்கத்தின் மைச்செலவு எவ்வளவு?

உ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. “சரிசெய்யும் அறிவு இருந்தது, விருப்பமும் இருந்தது, உரிமை மட்டும் இல்லை” – இத்தொடரை விளக்குக.
2. மொழி புரியாத இடத்தில் நின்ற அனுபவம் வீட்டில் எவருக்கேனும் உண்டா எனக் கேட்டறிந்து எழுதுக. அவருக்கு அப்போது உதவியவர் யார்?

ஊ. செயல்பாடு

வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஓர் அச்சுப்பொறியின் முழு மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்க. அது அறிந்த மொழிகள், அதன் இணைப்பு முறை, பக்கச் செலவு ஆகியவற்றைக் கேட்டறிந்து அட்டவணையாக்குக. பின்னர், வீட்டுப் பெரியவர் ஒருவர் விரும்பும் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அவருடன் சேர்ந்து வாய்விட்டுப் படிக்க.